குளோயி ஏன் அப்படி மாறினாள்?

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். "குளோயி தொடக்கத்திலிருந்தே கெட்டவள்தானே, அவள் வில்லன் ஹாக் மாத்தோடு சேர்ந்ததில் என்ன வியப்பு?" என்று ஞாயிறன்று தொலைபேசியில் கேட்டாய். நீ பள்ளியில் படித்த நாளில் நாம் சேர்ந்து பார்த்த மிராக்குலஸ் என்ற பிரெஞ்சு அனிமேஷன் தொடரின் இரண்டாம், மூன்றாம் பருவங்களை மறுபடி பார்த்துவிட்டே பதில் எழுதுகிறேன்.

அவளை நல்லவள் என்று நான் வாதாடவில்லை. பாரிஸ் மேயரின் மகள் என்ற செருக்கில் வகுப்புத் தோழி மரினெட்டை அவள் படுத்திய பாடு கொஞ்சமா? தாய் ஆட்ரியின் மதிப்பைப் பெறுவதற்காக, தேனீயின் ஆற்றல் தரும் மாயச் சீப்பை அணிந்து மெட்ரோ ரயிலின் ஓட்டுநரை அசைவற்றுப் போகச் செய்துவிட்டு, அந்த ரயிலைத் தானே காப்பாற்றுவதுபோல் காட்ட முயன்றவள் அவள். ஆனால் தேனீயின் ஆற்றல் அடங்கிய அந்தச் சீப்பை, மனமே இல்லாமல் என்றாலும், பாரிஸைக் காக்கும் நாயகி லேடிபக்கின் கையில் திருப்பித் தந்தவளும் அவள்தான். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். பிறகு மனம் நொந்தவர்களை அரக்கர்களாக மாற்றும் ஹாக் மாத்தின் கறுப்புப் பட்டாம்பூச்சி தேடி வந்தபோது அதற்கு இடங்கொடாமல் மறுத்தாள். இத்தனையையும் பல பகுதிகளில் பொறுமையாகக் கட்டியெழுப்பியவர்கள், 2019இல் வந்த மூன்றாம் பருவத்தின் முடிவில் அவசர அவசரமாக இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

காரணம் இல்லாமல் இல்லை. தேனீ நாயகி குளோயிதான் என்பது ஹாக் மாத்துக்குத் தெரிந்துவிட்டதால் இனிச் சீப்பைத் தர இயலாது என்று லேடிபக் அவளிடம் சொல்லிவிடுகிறாள். ஒரு பெண் பிள்ளையின் மனம் கசந்துபோக அது போதுமான விதைதான். அந்தக் கசப்பு நாளுக்கு நாள் வளர்வதை நமக்குக் காட்டியிருக்க வேண்டாமா? மாடியில் விளக்கேற்றி லேடிபக்குக்காகக் காத்திருக்கிறாள், அவள் வரவில்லை, ஹாக் மாத் வந்து சில வார்த்தைகள் பேசுகிறான், உடனே அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறாள். தன் தாய் தந்தையரையே அரக்கர்களாக மாற்றியவன் அவன் என்ற எண்ணம் அவளை ஒரு கணமேனும் தடுத்து நிறுத்தியிருக்காதா? அந்தத் தயக்கத்துக்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்கியிருந்தால், அவளுடைய வீழ்ச்சியை நான் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டிருப்பேன்.

அவளுடைய தங்கை ஸோயி அடுத்த பருவத்தில் வந்து அதே சீப்பை அணிவதை, ஆள் மாற்றிக் கணக்கை முடித்ததாகவே என்னால் பார்க்க முடிகிறது.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? அந்த மாடிக் காட்சியை மட்டும் சேர்ந்து பார்ப்போம். அப்போதும் உனக்கு வியப்பில்லை என்றால் சொல்.

அன்புடன்,
அம்மா