முழங்கால் என்ன மோட்டார் புஷ்ஷா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவப் பகுதியில் வந்த மூட்டுவலிக் கட்டுரையில் 'தேய்மானம்' என்ற சொல் 11 இடங்களில் இருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு எண்ணினேன். 34 ஆண்டுகள் மோட்டார் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். புஷ் என்பது சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் வளையம். தேய்ந்த புஷ்ஷுக்குள் ஷாஃப்டை விட்டு ஆட்டினால் எவ்வளவு போயிருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். முழங்காலுக்கும் அதே கணக்கைப் போட்டதுதான் நான் செய்த தப்பு.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "தேய்மானம்தான் பெரியவரே, வயசாச்சுல்ல" என்றார் டாக்டர். தேய்கிற சாமானை ஓட்டாமல் வைத்தால் நாள்படும் என்று எட்டு மாதம் நாற்காலியே கதியெனக் கிடந்தேன். வலி குறையவில்லை. தொடைச் சதை சூம்பியதுதான் மிச்சம். மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்க வேண்டியதாயிற்று.

உடலியல் படித்த மகள்தான் அதே எக்ஸ்ரேயை வைத்து விளங்க வைத்தாள். மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு அதில் தெரியாதாம். இரண்டு எலும்புக்கும் நடுவே கறுப்பாக, சில மில்லிமீட்டர் இடைவெளி போலத் தெரிவதுதான் அதன் இடம். அதற்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. கன அளவில் சுமார் 2 சதவீதம்தான். மீதியெல்லாம் அவை கட்டிய கொலாஜன் வலையும் மற்றப் புரதங்களும் அவை பிடித்து வைத்திருக்கும் நீரும். ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. குளுக்கோஸும் ஆக்சிஜனும் பெரும்பாலும் மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். ஆக்சிஜன் அங்கே எப்போதும் தட்டுப்பாடு. அதனால் குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து, அதில் மிஞ்சும் லாக்டேட்டை வெளியே தள்ளிப் பிழைக்கப் பழகியவை இந்தச் செல்கள். நடக்கும்போது குருத்தெலும்பு அழுந்தி விடுபடுவதில்தான் திரவம் நன்றாக வந்து போகிறது. எட்டு மாதம் அதைத்தான் நான் நிறுத்தி வைத்திருந்தேன்!

நோய் கண்ட மூட்டில் இந்தச் செல்களின் வரவு செலவே கெடுகிறது. அழற்சி மூண்டு, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சோர்கிறது. புதிதாகக் கட்டும் வேலை பின்தங்க, கொலாஜனை வெட்டும் நொதிகளை அதே செல்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. தன்னைத் தானே தின்னும் புஷ்ஷை என் பட்டறையில் நான் பார்த்ததில்லை. இன்னொன்று: உடல் எடை கூடியவர்களுக்குப் பாரமே தாங்காத கைவிரல் மூட்டிலும் இந்த நோய் அதிகம் வருகிறது. இதை எந்த உராய்வுக் கணக்கில் சேர்ப்பது? கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் போன்ற ஹார்மோன்களும் இதில் கைவைக்கின்றன என்கிறாள் மகள்.

பாரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அடிபட்ட மூட்டிலும் வளைந்த காலிலும் அதற்குப் பங்கு உண்டுதான். இழந்த குருத்தெலும்பை மீட்டுத் தரும் மாத்திரை இன்னும் வரவில்லை என்பதும் தெரியும். ஆனால் 'தேய்மானம்' என்று மட்டும் கேட்டவர் நான் செய்ததைத்தான் செய்வார். அடுத்த முறை 'மூட்டுச் சிதைவு' என்றாவது எழுதுங்கள். பக்கத்திலேயே பயிற்சியைப் பற்றியும் நாலு வரி போடுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தொடைக்குப் பயிற்சி செய்கிறேன், தினமும் நடக்கிறேன். வலி முழுக்கப் போகவில்லை. படியில் நேராக இறங்குகிறேன். கை மட்டும் இன்னும் கைப்பிடியை விடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் ஒருவர்