கொல்லை அணில் கணக்கு

ஹற்றன்
17.08.2025

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை, கொழுந்து மலை முழுக்க மூடுபனி. நீயோ பண்டாரவளையில் கிணறு வற்றுகிறது என்று எழுதியிருக்கிறாய். மலைநாடு ஒன்றுதான், மழை இரண்டு. எங்களுக்கு வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை அடிக்கும். உன் பக்கம் ஐப்பசியில் தொடங்கித் தையில் ஓயும். உன் கொல்லையில் அணிலைக் காணோம், ஏன் என்று கேட்டாயே, அந்த விஷயத்துக்கு இது முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

முதலில் கனடாவில் இருந்து உன் மகள் அனுப்பிய படம். முதுகில் கோடு இருப்பதால் நம்ம ஊர் அணில் என்று நினைத்துவிட்டாய். அது சிப்மங்க். தரையில் வளை தோண்டி வாழும். கன்னத்துக்குள் பை உண்டு. அதில் விதையை அடைத்துக்கொண்டு போய் வளையில் சேர்த்துவைத்து, பனிக்காலத்தைப் பெரும்பாலும் உள்ளேயே தூங்கிக் கழிக்கும். அங்கே ஓக் மரம் ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், அடுத்த வருடம் பேருக்குத்தான் காய்க்கும். நன்றாகக் காய்த்ததற்கு அடுத்த கோடையில் சிப்மங்க் பெருகும், காய்ப்பு பொய்த்தால் சரியும். ஆகவே “போன வருடம் நிறைய, இந்த வருடம் ஒன்றையும் காணோம்” என்று மகள் சொல்வதில் பயப்பட ஒன்றுமில்லை. நம் அணிலுக்குக் கன்னப்பையும் இல்லை, பனிக்காலத் தூக்கமும் இல்லை. வருடம் பூராவும் ஏதாவது பூ, பழம், பூச்சி கிடைத்தாக வேண்டும். அதனால் இங்கே ஒரு கொல்லையில் அணில் இல்லாமல் போனால், ஒரு வருடக் காய்ப்பைக் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. அந்த இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது.

எந்த அணிலைக் காணோம் என்று நீ எழுதவில்லை. முதுகில் மூன்று வெண்கோடு பளிச்சென்று தெரிந்தால் அது சாதாரண அணில், வீட்டைச் சுற்றி வாழப் பழகியது. உடம்பு கரும்பழுப்பாய், கோடுகள் இருந்தும் இல்லாததுபோல் மங்கியிருந்தால் அது காட்டு ஓரத்து அணில். நடுக்கோடு மட்டும் நெருப்பு நிறத்தில் எரிந்தால் அது இன்னொரு வகை. இந்தப் பின்னிரண்டும் உலக அளவில் அழியும் ஆபத்துள்ளவை என்ற பட்டியலில் இருப்பவை. காடு இல்லாமல் கொல்லையை மட்டும் நம்பி அவை வாழாது. நான்காவது, தண்டுலேனா என்று எல்லோரும் சொல்லும் மர அணில். நம் உயரத்தில் அதற்கு முதுகு கறுப்பு, வாலில் நரை தூவியதுபோல் இருக்கும். இந்த நாலையும் “அணில்” என்று ஒரே கணக்கில் போட்டால் ஒன்று கூடி ஒன்று குறைந்தது உனக்குத் தெரியவே தெரியாது.

கணக்கு என்றதும் 2025 மார்ச் 15இல் அரசாங்கம் நாடு முழுக்க எடுத்த விலங்குக் கணக்கு ஞாபகம் வருகிறது. காலை 8 மணிக்கு 5 நிமிடம் எல்லோரும் வீட்டு முற்றத்தில் நின்று குரங்கு, மயில் எல்லாம் எண்ணினோமே, அதில் குரங்கு மட்டும் 50 இலட்சத்தைத் தாண்டியதாக முடிவு வந்தது. எனக்கு அந்தத் தொகையில் நம்பிக்கை குறைவு. வரிசை வீடுகளான ஒரு லயத்துக் கூரையில் 20 குரங்கு ஓடினால் பத்து வீட்டுக்காரரும் 20 என்றே எழுதுவார்கள், தாளில் அது 200 ஆகிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, முறையே அப்படி. ஆனால் அதே முறையை ஒரே வீட்டில், ஒரே ஆள், வருடக்கணக்காகச் செய்தால் அது தங்கம். மொத்தம் எத்தனை என்று சொல்லாது. கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லும். உனக்கு வேண்டியது அதுதானே?

ஆகவே இப்படிச் செய். கொல்லையில் ஒரே இடத்தில் நாற்காலி போடு. வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலை 6.40க்குப் போய் உட்கார். முதல் 3 நிமிடம் எண்ணாதே, நீ வந்த சத்தத்தில் பதுங்கியவை வெளியே வரட்டும். பிறகு 10 நிமிடம். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். பலா மரத்தில் 2, கொஞ்ச நேரம் கழித்து மதிலில் 1, பிறகு கூரையில் 2 என்று பார்த்தால் 5 என்று கூட்டாதே. இரண்டு அணில்தான் ஊரைச் சுற்றியிருக்கும், எழுத வேண்டியது 2. ஒன்றும் வராத நாளில் 0 என்று கட்டாயம் எழுது. அந்த 0-வை விட்டுவிடுவதால்தான் பாதி நோட்டுப் புத்தகங்கள் குப்பைக்குப் போகின்றன. பனி மூடி 30 மீற்றர் தள்ளியிருக்கும் மரம் தெரியாத நாளில் மட்டும் 0 போடாதே, “பனி” என்று எழுதி அடுத்த நாள் பார். பக்கத்தில் இன்னொரு வரிசையில் என்ன பூத்திருக்கிறது, என்ன பழுத்திருக்கிறது, பூனை வந்ததா என்று இரண்டு சொல் போதும். நான்கு வாரத்துக்கு ஒரு சராசரி எடு. அதைப் போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடு. என் ஓகஸ்ட் கணக்கை உன் ஓகஸ்டோடு வைத்துப் பார்ப்பதும் வீண், எனக்கு மழை, உனக்கு வரட்சி. மழையை முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

சரி, ஏன் குறைந்தது? உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: முள்முருங்கை வேலியை எடுத்துவிட்டு புளொக்கல் மதில் கட்டியாயிற்று என்று. என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். அணிலுக்குச் சாப்பாடு எவ்வளவு முக்கியமோ, கிளை வழி அவ்வளவு முக்கியம். ஒரு மரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தரை தொடாமல் போக முடிந்த வரைக்கும் பூனையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வேலி போனதும் பலாவுக்கும் கொய்யாவுக்கும் இடையில் தரையில் ஓட வேண்டும், இல்லையென்றால் மதில் மேல் ஓட வேண்டும். மதில் மேல் ஓடும் அணிலுக்காகப் பூனை கீழே பதுங்கிக் காத்திருக்கும், மேலே இருந்து பருந்து பார்க்கும். ஒளிய ஒரு இலை கிடையாது. பெரிய அணில் அடிபடுவதைவிடக் குட்டிகள் அடிபடுவதுதான் கணக்கைக் குறைக்கும். ஒரு ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி. பத்து வாரத்தில் தாயை விட்டுப் பிரியும்போது அவற்றுக்கு ஓடத் தெரியும், எங்கே ஓடக் கூடாது என்று தெரியாது. நீ பூனை வளர்க்கிறாயென்றால் விடிந்து இரண்டு மணி நேரமும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் உள்ளே அடைத்து வை. கழுத்தில் மணி கட்டுவதை மட்டும் நம்பாதே. பதுங்கிக் கிடக்கும் பூனையின் மணி அசையாது.

எலி மருந்து வைக்கிறாயா? கரட், லீக்ஸ் போட்ட பாத்திக்குப் பக்கத்தில் எல்லோரும் வைக்கிறார்கள். இரத்தம் உறையாமல் செய்யும் அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, மூன்று நாலு நாள் தள்ளாடித் திரியும். பட்டப்பகலில்கூட வெளியே வரும். சாரைப் பாம்புக்கும் ஆந்தைக்கும் கீரிக்கும் அதைவிட இலகுவான இரை ஏது? எலியைப் பிடிக்கிறவை முதலில் போய்விட, எலி மறுபடி பெருகும், நீ மறுபடி மருந்து வாங்குவாய். வைத்தே ஆக வேண்டுமென்றால் அணில் நுழையாத மூடிய பெட்டிக்குள் வை, செத்த எலியைத் தேடி எடுத்து இரண்டடி ஆழத்தில் புதை. பொறிக்கூண்டு இன்னும் நல்லது.

பழத்தைக் காப்பாற்ற என்ன வழி என்று கேட்டாயே. ஆனைக்கொய்யா (அவகாடோ) மரம் தனித்து நின்றால் தகரப் பட்டை வேலை செய்யும். 60 சென்ரிமீற்றர் அகலத் தகரத்தை அடிமரத்தில் ஆளுயரத்தில் சுற்றி, இரண்டு முனையையும் சுருள் கம்பியால் பிடித்து விடு. ஆணி அடிக்காதே. அடித்தால் மரம் பருக்கும்போது தகரம் பட்டையை நெரிக்கும், இரண்டு வருடத்தில் மேல் கிளை காயும். சுருள் கம்பி என்றால் மரத்தோடு சேர்ந்து விரிந்து கொடுக்கும், இருந்தாலும் வருடம் ஒரு தடவை தளர்த்து. சுற்றியுள்ள கிளைகள், கூரை, கொடிக்கம்பி எதுவும் 2 மீற்றருக்குள் வரக் கூடாது. இது எலிக்கும் சின்ன அணிலுக்கும்தான். மர அணில் இதைப் பார்த்துச் சிரிக்கும், அதன் பாய்ச்சல் வேறு. கொய்யாவுக்கு ஒவ்வொரு காயாகத் துணிப்பை கட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நைலோன் வலை மட்டும் வேண்டாம். ஒரு தடவை அதில் சிக்கிய சாரைப் பாம்பைப் பார்த்தால் போதும், செதிலுக்குள் நூல் இறங்கி வெட்டியிருக்கும்.

மிஞ்சின சோற்றை மதில் மேல் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடு. புண்ணியம் என்று உன் அம்மா சொல்லுவார், தெரியும். முதலில் காகம் வரும், பிறகு எலி, பிறகு குரங்கு. காகமும் குரங்கும் தினம் வரும் கொல்லையில் கொண்டைக்குருவி கூடு தப்பாது, முட்டையும் போகும் குஞ்சும் போகும். தண்ணீர் வை, அது நல்லது, அதுவும் உன் வரட்சியில். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண் தட்டு, நடுவில் ஒரு கரடுமுரடான கல். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொட்டிவிட்டு, தட்டின் உள்பக்கத்தைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவு. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீரில் மிதப்பதைவிட விளிம்பில் ஒட்டியிருப்பதுதான் அதிகம், தண்ணீரை மாத்திரம் மாற்றினால் அது அப்படியே இருக்கும்.

குரங்கு கூடியதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மூடியில்லாத குப்பைக் குழி, கோயிலடியில் போடும் பழம், காடாகிப்போன தேயிலை மலை, இவை போதும். அலிவெடி (யானை விரட்டும் வெடி) போட்டால் பக்கத்து லயத்துக்குப் போய் மத்தியானம் திரும்பி வரும். கூண்டில் பிடித்து வேறிடத்தில் விட்டால், சாப்பாடு இருக்கும் வரை அடுத்த கூட்டம் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

பன்றிதான் எனக்குக் கவலை. பன்றியால் அல்ல, பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கால். சைக்கிள் பிரேக் கம்பியைத் தேயிலைத் தூரில் கட்டி, பன்றி போகும் தடத்தில் வைக்கிறார்கள். அதே தடத்தில் சிறுத்தையும் நடக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கறுஞ்சிறுத்தை மாட்டிச் செத்தது இப்படியான சுருக்கில்தான். தேயிலையை வெட்டிக் கவ்வாத்து முடிந்த மலையில் ஒளிய இடமில்லாததால், பன்றியும் அதன் பின்னால் சிறுத்தையும் வெட்டாத மலைக்கும் மரக்கறித் தோட்ட ஓரத்துக்கும் நகரும். ஆகவே கவ்வாத்துக்குப் பிந்திய மாதங்களில் உன் வேலி ஓரத்தைத் தினமும் நடந்து பார். வெறுங்கம்பியைக் கண்டால் கழற்று. விலங்கு மாட்டியிருந்தால் கிட்டப் போகாதே, வெட்டி விடவும் நினைக்காதே. இடுப்பில் இறுகிய சுருக்கு உள்ளே என்ன செய்திருக்கும் என்று வெளியே தெரியாது, அவிழ்த்ததும் ஓடிப்போய்க் காட்டுக்குள் செத்துப்போகும். நாயைக் கட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்து, சத்தமில்லாமல் இரு, 1992க்கு அடித்து வனஜீவராசிகள் திணைக்களத்தின் மிருக வைத்தியரைக் கேள். பன்றிக்கு, பழைய தகரத்தை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி மூன்றடி மேலே நிற்க விடு. அது தாண்டுவதைவிட மூக்கால் அடியைக் கிளப்பத்தான் பார்க்கும், மண்ணுக்குள் இருக்கும் அந்த ஒரு அடிதான் வேலை செய்வது.

சிட்டுக்குருவிப் பெட்டிக்கு அளவு கேட்டாய்: வாசல் 32 மில்லிமீற்றர், அடித்தளம் 15 சென்ரிமீற்றர் சதுரம், தரையில் இருந்து 3 மீற்றர். வடகீழ்ப் பருவக்காற்று நேரே அடிக்காத பக்கம் வாசல் இருக்கட்டும்.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. உள்பக்கமாக ஒரு வரிசை முள்முருங்கை நடு. வேலிக்கு நடும் இன்னொரு மரமான கிளிரிசிடியா உன் உயரத்தில் மந்தமாகத்தான் வரும். மணிக்கட்டுப் பருமனில், ஐந்து ஆறு அடி நீளத்தில் முற்றிய கம்பாக வெட்டி, ஒரு வாரம் நிழலில் சாய்த்து வை. பச்சையாய் நட்டால் அடி அழுகும். ஐப்பசி முதல் மழையில் ஒரு அடி ஆழத்தில், நாலடிக்கு ஒன்றாக ஊன்று. மேல் நுனியைச் சரிவாக வெட்டு, தண்ணீர் தேங்காது. பலாவில் இருந்து கொய்யா வரை வரிசை அறாமல் போக வேண்டும், கேற்றடியில் மட்டும் இரண்டு பக்கக் கிளையையும் மேலே சேர விடு. இலையில் முண்டு முண்டாக வந்தால் அது ஒரு சின்னக் குளவியின் வேலை, அந்தக் கிளையை வெட்டி எரி. நோட்டுக் கணக்கை இந்த வாரமே தொடங்கு, வேலி வருவதற்கு முந்தின எண் உன்னிடம் இருக்க வேண்டும். மார்கழி விடுமுறையில் வருகிறேன், நோட்டை எடுத்து வை.

உன்
மச்சான்