பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்த கயிறு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கயிறு கட்டிப் பாறையேற்றம், குகைப் பயிற்சி என்று முகாம் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாசியில் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு முகாமுக்குக் கயிறு கட்ட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். யார் நடத்திய முகாம் என்பது இங்கே வேண்டாம். சாமான் எடுக்க அறைக்குள் போனால், 60 மீட்டர் வெள்ளைக் கயிறு இன்வெர்ட்டர் பேட்டரியை ஒட்டிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "புதுசுதாங்ணா, ரெண்டு தடவைதான் இறங்கியிருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. பார்க்கவும் புதுசாகத்தான் இருந்தது. எனக்குப் பயமே அதுதான். நம் கயிறு நைலான். பேட்டரி அமிலம் பட்டால் நைலான் இற்றுப்போகும், மேலே ஒரு கறைகூடத் தெரியாமல் போகலாம். அந்தக் கயிறு வேண்டாம் என்றேன். பிள்ளைகள் வெயிலில் காத்துக்கொண்டிருக்க, நான் வேலையைக் கெடுக்கிறேன் என்று சிலருக்கு வருத்தம். சரி, போகட்டும்.

என் தாத்தா மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். விடியலில் மாட்டைப் பூட்டுமுன் வடக்கயிற்றை முழுக்கக் கையில் உருவிப் பார்ப்பாராம். வடம் அறுந்தால் கிணற்றுக்குள் போவது சால்தான். நாம் ஆளையே கட்டித் தொங்கவிடுகிறோம்.

நம் கயிற்றில் மேலுறை தனி, உள்ளே எடை தாங்கும் இழைகள் தனி. உறை நன்றாக இருப்பதால் உள்ளேயும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கையுறையைக் கழற்றிவிட்டு முழம் முழமாக உருவுங்கள். ஒவ்வொரு முழத்தையும் வளைத்துப் பாருங்கள், வளைவு சீராக உருண்டு வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சப்பையாக மடங்கினால் உள்ளே இழை போய்விட்டது என்று அர்த்தம். அமிலம் பட்ட கயிற்றை இந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் எங்கே வைக்கிறோம் என்பதில் இத்தனை பிடிவாதம்.

குகைக்காரர்களுக்குப் பகை சேறு. மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் குகைகளில் இறங்கினால் கயிறு சேறு பூசிக்கொண்டுதான் மேலே வரும். நமக்குச் சேறு குறைவு, கருங்கல் பொடி அதிகம். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் எஃகுக் கத்தியையே கீறும், அலுமினியம் எம்மாத்திரம்? மார்பில் மாட்டி, பற்களால் கயிற்றைக் கவ்வி மேலே ஏற உதவும் க்ரோல் என்ற அலுமினியக் கருவியைப் பாருங்கள். 100 மீட்டர் ஏறுவதற்குள் 200, 300 முறை உட்கார்ந்து எழ வேண்டும், ஒவ்வொரு முறையும் பொடி ஒட்டிய கயிறு அதே தடத்தில் உரசிக்கொண்டு ஓடும். என் பழைய க்ரோலில் அந்தத் தடம் பள்ளமாகி, விளிம்பு நகத்தைச் சீவும் அளவுக்குக் கூராகிவிட்டது. அந்தக் கூர் நாளைக்குக் கயிற்றின் உறையைச் சீவும். இப்போது வருவதில் அந்த இடத்தில் எஃகுத் தகடு வைத்திருக்கிறார்கள். அதுவும் தேயும், என்ன, கொஞ்சம் மெதுவாக.

அப்புறம், கவ்வும் பற்கள். பல்லிடுக்கில் மண் அடைத்தால் கயிற்றில் வழுக்கும். பழைய டூத் பிரஷும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும். பல் நன்றாக இருந்தாலும் கயிறு தொய்வாக இருக்கும்போது அதன்மேல் விழக் கூடாது. சுமார் 400, 500 கிலோ இழுவையிலேயே பற்கள் உறையைக் கிழித்துவிடும். புதுக்கயிறு 2,000 கிலோவுக்கு மேல் தாங்கும் என்ற கணக்கு அங்கே உதவாது.

கயிற்றை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். புளி காயவைப்பது போல மொட்டை வெயிலில் ரோட்டோரம் பரப்பியதை நானே பார்த்திருக்கிறேன். பிளீச்சிங் பவுடர் கிட்டவே வரக் கூடாது. இன்னொன்று, புதுக்கயிற்றை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகுதான் அளக்க வேண்டும். அது சுருங்கும். 60 மீட்டர் என்று நம்பி இறங்கியவர் 57இல் முனையைத் தொடுவார். முனையில் முடிச்சு இல்லையென்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

"எத்தனை வருசம் வரும்?" என்று கேட்கிறீர்கள். கயிறு, உடம்பில் மாட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸ் போன்ற துணிச் சாமான்களுக்குச் சில முக்கிய நிறுவனங்கள் சொல்வது, தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 10 வருடம். அது உச்ச வரம்பு. ஒரே ஒரு மோசமான விழுதலோடு முதல் நாளிலேயே ஆயுள் முடிந்த கயிறும் உண்டு. எனவே ஒவ்வொரு கயிறுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தயாரித்த மாதம், இறங்கிய நாட்கள், யார் உருவிப் பார்த்தது, எங்கே வைத்திருந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். முகாமுக்கு வரும் பிள்ளையின் அப்பா கேட்டால் அந்த நோட்டை எடுத்து நீட்டுங்கள். அதைக் காட்ட முடியாதவர்கள் அன்றைக்கு முகாமை ரத்து செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கழித்த கயிற்றை முழுசாக மூலையில் போட்டு வைக்காதீர்கள், அவசரத்துக்கு யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள். அந்த 60 மீட்டரை அன்று மாலையே நாலு நாலு முழமாக வெட்டிவிட்டோம். ஊருக்குள் மாடு கட்டக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். அதில் ஒரு துண்டை, எதிர்வீட்டுக் கிடேரி ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.