தென்னந்தோப்புக் குளவியும் உன் மகளின் கேள்வியும்

அன்பு மக்கா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தோப்பில் தென்னை ஓலையைத் தின்கிற கருந்தலைப்புழு மறுபடியும் வந்து ஓலையெல்லாம் தீய்ந்தமாதிரி நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுதான் வருத்தம். இங்கே எல்லாரும் சுகம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களை இப்போதுதான் ஒருவழியாகப் பிரித்து அடுக்கி முடித்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது, ஆனால் எம்.எஸ்ஸி. படிக்கும்போது பாளையங்கோட்டை ஹாஸ்டலில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதின பரிணாமவியல் நோட்டு எப்படியோ தப்பித்துக் கிடந்தது. அட்டை மட்டும்தான் இல்லை. அதைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் உன் கடிதம், அதில் உன் கடைக்குட்டியின் சங்கதி.

வாலிபர் கூட்டத்தில் அவள் பரிணாமத்தைப் பற்றிக் கேள்வி கேட்டதும், வந்திருந்த பிரசங்கியார் “டார்வினா, தேவனா, ஒன்றைத் தேர்ந்துகொள்” என்று சொன்னதும், கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவள் திருவிருந்து எடுக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததும் படித்தேன். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. விலங்கியல் படிக்கிற பிள்ளையிடம் போய், நீ லேபில் கண்ணால் பார்த்ததை மறுத்தால்தான் சபையில் உனக்கு இடம் என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அவள் பொய் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை, உட்கார்ந்திருந்தாள். அந்த வயதில் நமக்கு அந்தத் தைரியம் இருந்ததா என்று யோசித்துப் பார்.

“நீ 31 வருஷம் பிள்ளைகளுக்குப் பரிணாமம் நடத்தினாய், ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே கோயிலில் நிற்கிறாய், எப்படி இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறாய், உள்ளதைச் சொல்” என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. பரிணாமம் உண்மை. “அது வெறும் கொள்கைதானே” என்று அவளிடம் ஆரம்பித்துவிடாதே, அந்த இடத்திலேயே உன்னைக் கேட்பதை நிறுத்திவிடுவாள், நிறுத்தவும் வேண்டும். நமக்கு 46 குரோமோசோம், சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48. ஒரே முன்னோர் என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, ஒட்டிக்கொண்டது. நம்முடைய 2ஆம் குரோமோசோமின் நடுவில், முனையில் மட்டுமே இருக்க வேண்டிய டிஎன்ஏ வரிசை தலையோடு தலை முட்டினமாதிரி கிடக்கிறது, கூடவே குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதியில் இரண்டாவது ஒன்றின் சிதைந்த மிச்சமும். நாம் படித்தபோது இந்த விவரமெல்லாம் நோட்டில் கிடையாது, பிறகு வந்தது. இன்னும் எளிதாக வேண்டுமென்றால் உன் வீட்டுத் தொழுவத்தில் நிற்கிற ஆட்டைக் காட்டு. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும். நமக்கும் அதற்கான ஜீன் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. குரங்குகளுக்கும் அதே ஜீன் உடைந்துதான் கிடக்கிறது. பழம் தின்று வாழ்ந்த ஒரு பொதுவான பாட்டனிடம் உடைந்தது என்பதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்கிற சங்கதியில் எனக்குச் சிக்கலே இருந்ததில்லை. உலகம் கி.மு. 4004இல் உண்டானது என்பது வேதத்தில் எங்கேயும் இல்லை, 17ஆம் நூற்றாண்டில் அஷர் என்ற அயர்லாந்து பிஷப் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் போட்ட கணக்கு அது, அப்புறம் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி வேதவசனம் மாதிரியே ஆகிவிட்டது. பூமிக்கு 454 கோடி வயது. வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை நிதானமாக வாசித்தால், சாயங்காலமும் விடியற்காலமும் முதல் நாளிலேயே வந்துவிடுகின்றன, சூரியன் வருவதோ நாலாம் நாள். இதை முதலில் கவனித்தது டார்வினும் இல்லை, நாமும் இல்லை. 1600 வருஷத்துக்கு முன்னாலேயே அகஸ்தீன் என்ற பிஷப் இந்த நாட்கள் நாம் எண்ணுகிற நாட்களாக இருக்க முடியாது என்று எழுதிவிட்டார். வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாகத் தெரிந்த அவிசுவாசிகள் முன்னால் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரைச் சொல்லி உளறினால் அவமானம் வேதத்துக்குத்தான் என்றும் எச்சரித்தார். உன் ஊருக்கு வந்த பிரசங்கியாரை நினைத்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

அதற்காக, மரபியலுக்கு அடிப்படை போட்ட மெண்டல் துறவி, பரிணாமத்தை ஆராய்ந்த டோப்ஜான்ஸ்கி ஜெபிக்கிறவர், மனித மரபணுத் திட்டத்தை நடத்தின பிரான்சிஸ் காலின்ஸ் விசுவாசி, 1996இல் போப் இரண்டாம் ஜான் பாலே இது வெறும் ஊகம் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று ஒரு பட்டியலைப் போட்டு அவளை மடக்கப் பார்க்காதே. அதெல்லாம் நிஜம்தான். ஆனால் ஒரு மனிதன் இரண்டையும் பிடித்துக்கொண்டு வாழ முடியும் என்பதைத்தான் அது காட்டும். அதை டார்வினே ஒத்துக்கொண்டார். 1879இல் ஒருவர் கேட்டதற்கு, ஒருவன் உறுதியான ஆத்திகனாகவும் பரிணாமத்தை ஏற்றவனாகவும் இருக்க முடியும் என்பதில் சந்தேகப்படுவதே அபத்தம் என்று பதில் எழுதினார், தன் நண்பரான அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேயையே உதாரணம் காட்டினார். அவள் கேட்பது வேறு. எப்படி முடிகிறது என்கிறாள்.

பொருத்தம் பார்க்கிற வேலையும் வேண்டாம். என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவர், நல்ல சிவபக்தர், “புல்லாகிப் பூடாய்” என்று திருவாசகத்தைச் சொல்லி “அண்ணாச்சி, டார்வினுக்கு ஆயிரம் வருஷம் முந்தியே மாணிக்கவாசகர் சொல்லிவிட்டார்” என்பார். தசாவதாரத்தில் மீன், ஆமை, பன்றி என்று வரிசை காட்டுகிறவர்களும் உண்டு. நம்மவர்களும் ஒரு நாளைக்கு இத்தனை கோடி வருஷம் என்று ஆறு நாளை நீட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு இது மூன்றுமே பிடிக்காது. மாணிக்கவாசகர் எல்லாப் பிறப்பும் பிறந்து களைத்துப்போய் அழுகிறார், அந்த அழுகையை எடுத்து உயிரியல் அட்டவணை ஆக்கினால் அவர் பாட்டும் போச்சு, உயிரியலும் போச்சு. அடுத்த வருஷம் ஒரு புதைபடிவம் கிடைத்து வரிசை மாறினால் வசனத்தையும் மாற்றுவோமா?

சரி, இனிமேல்தான் எனக்குக் கடினமான இடம்.

போன முறை உன் தோப்புக்கு வந்தபோது, வேளாண் துறையில் வாங்கி வந்த ஒட்டுண்ணிக் குளவிகளை நாம் மரம் மரமாக விட்டோமே, எறும்பளவுதான் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா. அந்தக் குளவி ஓலைக்கு அடியில் நூலாம்படைக்குள் ஒளிந்திருக்கிற கருந்தலைப்புழுவைத் தேடிப் பிடித்துக் கொட்டும். புழு சாகாது, அசையத்தான் முடியாது. அதன் உடம்பின்மேல் குளவி முட்டையிடும், பொரிந்து வருகிற குஞ்சுகள் அந்தப் புழுவை உயிரோடு உறிஞ்சி வளரும். உன் காய்ப்பு தப்பித்தது அதனால்தான், இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். இதே தொழில் செய்கிற வேறொரு குளவி இனத்தைப் பற்றித்தான் 1860இல் டார்வின் அந்த ஆசா கிரேக்கு எழுதினார். புழுவின் உடம்புக்குள் இருந்து அதை உயிரோடு தின்னும்படி, அன்புள்ள, எல்லாம் வல்ல ஒரு தேவன் வேண்டுமென்றே அந்தக் குளவியைப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று. எலியை விளையாட்டுக் காட்டிக் கொல்கிற பூனையையும் கூடவே சொன்னார். அதே கடிதத்தில் இந்த விஷயம் மனிதப் புத்திக்கு எட்டாத ஆழம் என்றும் சொல்கிறார். கேலி பண்ணுகிறவன் எழுத்து இல்லை அது. ஊழியத்துக்குப் போவதாக இருந்து கேம்பிரிட்ஜில் படித்த மனிதர். 1851 ஏப்ரலில் பத்து வயது மகள் ஆனி மால்வர்ன் என்ற ஊரில் காய்ச்சலில் கிடந்து சாகிறாள், இவர்தான் பக்கத்தில் இருந்தார், மனைவி எம்மா நிறைமாதம் என்பதால் வர முடியவில்லை. அந்த வருஷங்களில் ஞாயிறுகளில் எம்மாவும் பிள்ளைகளும் கோயிலுக்குள் இருக்கும்போது இவர் வெளியே நடந்துகொண்டிருப்பார்.

என் மூத்த மகனை எனக்கு அங்கேதான் ஞாபகம் வரும். உனக்குத் தெரியும், நீதான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாய். 1993 ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, நாலாம் நாள் வலிப்பு, ஆறு வயது. அடக்கத்தில் ஆள் ஆளுக்கு வந்து “தேவ சித்தம்”, “தேவன் தமது தோட்டத்துப் பூவைப் பறித்துக்கொண்டார்” என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. என் பிள்ளையின் மூளைக்கு ஒரு வைரஸைக் குறிபார்த்து அனுப்புகிற தேவனை எப்படி ஆராதிப்பது?

அப்புறம் ஒரு வருஷம் கழித்து, அவனைக் கொண்டுபோன ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அந்த வைரஸ் கொக்கு, நாரையின் ரத்தத்திலும் பன்றியின் ரத்தத்திலும் வாழ்வது. நெல் வயலில் பெருகுகிற கொசு அதைப் பறவைக்குப் பறவை கொண்டுபோகும். பறவையும் கொசுவும் வைரஸும் ஒன்றோடொன்று பழகி வந்த வழி அது. மனிதன் அந்த வழியிலேயே இல்லை. நம் ரத்தத்தில் அது இன்னொரு கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை, அதனால் மனித உடம்பு அந்த வைரஸுக்கு முட்டுச்சந்து. என் பையனைக் கொன்றதில் அதற்கு எந்த லாபமும் இல்லை, அவனை யாரும் குறிபார்க்கவில்லை. இதை வாசித்த ராத்திரிதான் அவன் போன பிறகு நான் முதல்முதலாக ஜெபம் பண்ணினேன். பரிணாமம் என் விசுவாசத்தைப் பறிக்கும் என்று பயந்தார்கள், எனக்கு அது விசுவாசத்தைத் திரும்பக் கொடுத்தது என்றால் யார் நம்புவார்கள் என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

கேள்வி தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. வைரஸை அனுப்பவில்லை சரி, வைரஸ் உருவாகக்கூடிய உலகத்தை ஏன் உண்டாக்கினார்? உயிர்கள் தாங்களாகவே உருவாகிக்கொள்கிற சுதந்திரத்தைக் கொடுத்தார், அதற்கு விலை இது என்பார்கள். அதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன், மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. வேதத்தில் பிள்ளைகளையெல்லாம் இழந்து தேவனிடம் ஏன் என்று கேட்ட யோபுவுக்கும் பதில் கிடைக்கவில்லை, காட்டுக் கழுதையையும் தீக்குருவி என்கிற நெருப்புக்கோழியையும் முதலையையும் காட்டி “நீ எங்கே இருந்தாய்” என்ற கேள்விதான் கிடைத்தது. அந்த அதிகாரங்களை நான் இப்போது விலங்கியல்காரனாகத்தான் வாசிக்கிறேன், மனிதனுக்கு எந்த உபயோகமும் இல்லாத மிருகங்களைப் பற்றி தேவன் அவ்வளவு ஆசையோடு பேசுகிற இடம் வேதத்தில் வேறு இல்லை.

அவளிடம் என்ன சொல்ல என்று கேட்டாய். ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லாதே. இரண்டையும் வைத்திருக்கச் சொல். திருவிருந்து எடுக்காவிட்டால் பரவாயில்லை, வீட்டில் அதைப் பேச்சாக்காதே, அவள் அம்மா அழுதால் நீ சமாதானம் சொல். கல்யாணமான புதிதில் எம்மா தன் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினாள், நிரூபிக்க முடிந்ததை மட்டுமே நம்புகிற உங்கள் பழக்கம் நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று. டார்வின் அதைக் கடைசிவரை வைத்திருந்தார், நான் செத்த பிறகு, இதை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று தெரிந்துகொள் என்று அதிலேயே எழுதி வைத்தார். கருத்து ஒத்துப்போகவே இல்லை, நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீடு. உன் வீட்டிலும் அவ்வளவு இடம் இருக்கட்டும்.

இன்னொன்றும் காட்டு. தோப்பில் தாழ்ந்த ஓலை ஒன்றைத் திருப்பிக் கையில் லென்ஸ் கொடு. அந்தக் குளவி முட்டையிட்டதும் பறந்து போய்விடாது. குஞ்சுகள் கூடு கட்டுகிறவரை அந்தப் புழுவின் பக்கத்திலேயே காவல் நிற்கும், வேறு குளவி வந்தால் சண்டை போடும். இரண்டையும் செய்வது ஒரே பூச்சி. அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுது.

மார்ச்சில் அவளுக்கு லீவு இருந்தால் இங்கே அனுப்பு, நீயும் வா. கூந்தன்குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும், ஊர்க்காரர்கள் வீட்டு முற்றத்து மரத்திலேயே பறவைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அவளுக்குப் பிடிக்கும். கொக்கைப் பார்க்க எனக்குப் பல வருஷம் மனசு வரவில்லை. இப்போது வருஷா வருஷம் போகிறேன். பைனாகுலர் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, உன்னுடையதையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்