புயல் மேப்பை மறைக்கிற சேனல் லோகோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன விஷயம்னு நெனச்சு யாரும் இத பத்தி எழுதுறதில்ல, ஆனா கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. புயல் நேரத்துல ஒரு நியூஸ் சேனல போட்டா சாட்டிலைட் படம் காட்டுறாங்க. நம்ம மேப்ல வங்கக்கடல் வலது பக்கம், சென்னையும் திருவள்ளூரும் மேல வலது ஓரம். சரியா அந்த மூலையிலதான் சேனல் லோகோ, அதுக்கு கீழ லைவ்னு ஒரு செவப்பு கட்டம், அதுக்கும் கீழ டைம். புயல் எங்க நிக்குதுனு பாக்கத்தான டிவியவே போடுறோம், அந்த சுழியில பாதி லோகோவுக்கு பின்னாடி கெடக்கு. கீழ ரெண்டு வரி ஸ்க்ரோலிங் வேற ஓடுறதால டெல்டாவுக்கு தெக்க ஒண்ணுமே தெரியல. மேப் காட்டுற அந்த ரெண்டு நிமிஷம் லோகோவ இடது பக்கம் தள்ளி வச்சா என்ன குறைஞ்சிடும்?

லோகோவே கூடாதுனு நான் சொல்லல. எந்த சேனல்னு தெரியணும், வீடியோவ எடுத்து வேற எடத்துல போட்டா யாரோடதுனு தெரியணும், அதெல்லாம் நியாயம். ஆனா இவ்ளோ பெருசா, பளிச்சுனு, சில சேனல்ல சுத்திக்கிட்டே இருக்கிற மாதிரி எதுக்கு? ரேட்டிங்குக்காகனு சொல்லவும் முடியாது, டிவி ரேட்டிங் எடுக்கிற பார்க் (BARC) அமைப்பு கணக்கெடுக்கிறது சத்தத்துல சேத்து அனுப்புற, நம்ம காதுக்கு கேக்காத வாட்டர்மார்க்னு ஒரு அடையாளத்த வச்சுத்தான், லோகோவ வச்சு இல்ல. பிரிட்டன்ல பெரும்பாலும் மேல இடது மூலை, அமெரிக்கால கீழ வலது மூலை, அங்க நிறைய சேனல்ல பின்னாடி இருக்கிற படம் தெரியிற மாதிரி மங்கலாத்தான் போடுறாங்க.

சினிமா போடும்போது இன்னும் மோசம். சினிமாஸ்கோப் படத்தோட அகலமும் உயரமும் 2.35க்கு 1, நம்ம டிவி 16க்கு 9, அதாவது படம் டிவிய விட அகலம். அப்படியே போட்டா மேலயும் கீழயும் கறுப்பு பட்டை விழும், 43 இன்ச் டிவில ஒவ்வொரு பட்டையும் ஆறு சென்டிமீட்டருக்கு மேல இருக்கும். லோகோவ அந்த கறுப்புல வச்சா யாரு மூஞ்சியும் மறையாது. ஆனா பல சேனல்ல என்ன பண்றாங்க, படத்த ஜூம் பண்ணி ரெண்டு பக்கமும் வெட்டிட்டு, மிச்சம் இருக்கிற படத்து மேலயே லோகோவையும் வைக்கிறாங்க. பழைய கறுப்பு வெள்ளை படம் 4க்கு 3, அதுக்கு ரெண்டு பக்கமும் தாராளமா காலி எடம் கெடைக்கும், அதையும் இழுத்து அகலமாக்கி இல்லனா தலைய வெட்டித்தான் போடுறாங்க. எங்க அம்மா மாதிரி பழைய படத்துக்காகவே டிவி பாக்கிறவங்க இத சகிச்சுக்கிட்டு பாக்க வேண்டியிருக்கு.

இதுக்கு நடுவுல சீரியல் ஓடும்போது கீழ திடீர்னு இன்னொரு சீரியல் ஹீரோயின் வந்து நின்னு இன்னிக்கு ராத்திரி 9 மணிக்குனு சொல்லிட்டு போறாங்க. காது கேக்காதவங்க கீழ வர்ற எழுத்த நம்பித்தான பாக்கிறாங்க, அது மொத்தமா மறைஞ்சு போகுது.

1994 கேபிள் டிவி விதிகள்ல 7(10)னு ஒண்ணு இருக்கு, விளம்பரம் நிகழ்ச்சிக்கு எந்த விதத்துலயும் எடஞ்சலா இருக்கக்கூடாது, திரையோட கீழ்ப்பகுதில நிகழ்ச்சியோட சேத்து எழுத்து ஓட விடக்கூடாதுனு அதுல தெளிவாவே சொல்லியிருக்கு. இருக்கிற விதிய ஒழுங்கா அமல்படுத்தணும், அதோட லோகோவுக்கும் அதே மாதிரி ஒரு விதி வேணும். ஒரே ஒரு மூலை, இவ்ளோதான் சைஸ், மேப், எழுத்து, சைகை மொழி கட்டம் இதுங்க மேல வரக்கூடாது, அவ்ளோதான் கேக்கிறோம். ஒளிபரப்பு அமைச்சகத்துக்கு எழுதலாம்னு இருக்கேன், உங்க பேப்பர்லயும் சேனல்காரங்க கிட்ட நேரா கேட்டு ஒரு செய்தி போட்டீங்கன்னா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர்