‘இல்லை’ என்ற அறிக்கையும் பக்கத்து முகடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்ணிலும் நீரிலும் தங்கும் பூச்சிமருந்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ‘வெயிலும் நுண்ணுயிர்களும் காலப்போக்கில் இவற்றை அழித்துவிடும்’ என்ற ஒரு வரி நெருடியது. மண், நீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில் 26 ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த வரியை நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மண் மாதிரியில் டி.டி.டி. (DDT) என்ற பூச்சிமருந்து அநேகமாக இல்லை என்று எளிதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதிரியில் உள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு முகடாக வரைந்து காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியின் தாளை மேலதிகாரி வாங்கிப் பார்த்தார். டி.டி.டி. வரவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஓங்கி நின்ற ஒரு முகட்டைத் தொட்டு, “அப்போ இது யாரு?” என்றார். அது டி.டி.இ. (DDE). ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் இழந்த டி.டி.டி.யேதான். கழுகு, பருந்து இனங்களின் முட்டை ஓடு மெலிந்து உடையக் காரணமானது பெரும்பாலும் இந்த டி.டி.இ.தான். அதே டி.டி.டி. காற்றுப் புகாத சேற்றில் கிடந்தால் வேறு வழியில் போய் அதன் இன்னொரு உறவான DDD ஆகிறது; தமிழில் எழுதினால் இரண்டும் ‘டி.டி.டி.’தான், ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மட்டும் T-க்குப் பதில் D. (பெயர் வைத்தவர்களை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.)

ஆல்ட்ரின் என்ற பூச்சிமருந்தின் கதையும் இப்படித்தான். மண்ணில் ஓர் ஆக்சிஜன் ஏறி டீல்ட்ரின் ஆகிவிடும்; அது ஆல்ட்ரினைவிட நெடுநாள் தங்கும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன் நிலத்தடி நீரில் இறங்கினால், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் அதன் குளோரின்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். முழுக்கக் கழற்றினால் மிஞ்சுவது எத்திலீன், பயமில்லை. அதற்கேற்ற பாக்டீரியா அங்கே இல்லாவிட்டால் வேலை பாதியில் வினைல் குளோரைடில் நின்றுவிடும். அது புற்றுநோய் உண்டாக்குவது.

கட்டுரையில் வந்த ‘அரைவாழ்வு’, அதாவது ஒரு பொருள் பாதியாகக் குறைய ஆகும் காலம், மூலப்பொருளுக்கு மட்டுமான கணக்கு. பாதி குறைந்தது என்றால் அந்தப் பாதி பெரும்பாலும் வேறொன்றாக மாறியது என்றுதான் அர்த்தம். சில பொருள்கள் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக முழுதாகச் சிதைவதும் உண்டு, மறுக்கவில்லை. எல்லாம் அப்படி அல்ல.

டயர் ரப்பரைக் காக்கச் சேர்க்கும் 6பிபிடி காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து குயினோன் என்ற வகையைச் சேர்ந்த வேறொரு பொருள் ஆகிறது. மழைநீரோடு ஓடைகளில் இறங்கி அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது அதுதான் என்று 2020 கடைசியில்தான் தெரிந்தது. அதுவரை அந்தப் பொருளை யாரும் தேடவே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘மாசு இல்லை’ என்று ஒரு சோதனை அறிக்கை வந்தால், எந்தெந்தப் பொருள்களைத் தேடிவிட்டு அப்படிச் சொன்னார்கள் என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக வேதியியலாளர்