எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிப் புழுக்களை வளர்ப்போர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். பறவை எச்சம் போல இலைமேல் ஒட்டியிருப்பதைத் தட்டிவிட வேண்டாம். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும்.

எந்தச் செடியில் கிடைத்ததோ அதே செடியின் இலைதான் உணவு. முட்டைக்கோஸ் இலையைப் போட்டால் தின்னாமல் பட்டினி கிடந்தே சாகும். புதிதாக வாங்கிய நாற்றின் இலையைக் கொடுக்காதீர்கள். செடிக்குள் ஊடுருவும் மருந்து அடித்திருந்தால், கழுவினாலும் போகாது.

கொப்பைத் தண்ணீர்க் குப்பியில் வைத்தால் வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள், இல்லையென்றால் புழு இறங்கி மூழ்கிவிடும். பெட்டிக்கு மூடியாக வலைத்துணி போதும். காற்றில்லாத டப்பாவில் ஈரம் தேங்கி, எச்சத்தில் பூஞ்சை பிடித்து, புழுக்கள் கறுத்துக் குழைந்து சாகும். இழப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். எச்சத்தைத் தினமும் கொட்டுங்கள், ஒரு பெட்டியில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

அசையாமல் இருக்கும் புழு தோலுரிக்கத் தயாராகிக்கொண்டிருக்கலாம். அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டி நாற்றம் விட்டால் பயப்பட வேண்டாம், அது மிரட்டல் மட்டுமே.

முழு வளர்ச்சி அடைந்த புழு நீர்த்த எச்சம் போட்டுவிட்டு அங்குமிங்கும் அலையும். அப்போது சாய்வாகக் குச்சிகளை வையுங்கள். குச்சியில் வாலை ஊன்றி, இடுப்பில் ஒரு பட்டிழை கட்டிக் கூட்டுப்புழுவாகும். கூட்டில் சிறு ஓட்டை தெரிந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி தின்று வெளியேறிவிட்டது என்று பொருள்.

வெளிவந்த பூச்சி இறகு தொங்கவிட இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் இறகு சுருண்டபடியே இறுகிவிடும். ஓரிரு மணி நேரம் காயவிட்டு, மழையில்லாத பகலில் திறந்து விடுங்கள்.

உடலெங்கும் மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சிகளைக் கையால் எடுக்காதீர்கள், அரிக்கும். அவை பெரும்பாலும் அந்துப்பூச்சி இனம்.